ஹவுசி ஓஸ்வால்ட்

யாராவது ஜோக் சொன்னால் ஓஸ்வால்ட் சொன்னவரைப் பார்ப்பதில்லை. பவுலின் முகத்தைப் பார்க்கிறார். மனைவியின் உதட்டோரம் அசைந்தால் தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்கிறார். அவள் சும்மா இருந்தால் இவரும் "ம்ம்" என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடிக்கிறார். கல்யாண வீடு, சாவு வீடு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும் கூட்டம், எங்கும் இப்படித்தான். பல வருஷங்களாக இதைப் பார்த்து மர்பி டவுன் பெண்களுக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. இந்த வயதிலும் பெண்டாட்டி முகத்தையே பார்க்கிறாரே என்பார்கள். பவுலினும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தாள். எப்போது அது வேறு விஷயமாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஓஸ்வால்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. குட்டையான ஆள், தொப்பையை பெல்ட்டுக்குள் அடக்கிச் சட்டையை இன் பண்ணியிருப்பார். கமர்ஷியல் தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதே கடைதான். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். வளைந்த கண்ணாடியைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் பின்வரிசைக்காரரின் கையைக் குலுக்கிவிட்டு, அதே கையால் அவர் கண்ணாடியைக் கழற்றி, கம்பியை நிமிர்த்தி, "இப்ப பாருங்க, ஃபாதர் நேரா தெரிவாரு" என்று மாட்டிவிட்டிருக்கிறார்.

கடையில் தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் எல்லாம் ஒரே வாக்கியத்தில் வரும். கண் மங்குகிறது என்று வருகிறவர்களை உடனே உட்கார வைத்துவிட மாட்டார். "ஷுகர் செக் மாடிஸ்கொண்டு பன்னி மேடம்" என்று, சுகர் பார்த்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். சுகர் ஏறி இறங்கும்போது பார்க்கிற பவர் நிலைக்காது, கண்ணாடி செய்த கையோடு தப்பாகிவிடும் என்பது அவர் அனுபவம். வந்த வியாபாரத்தை வாசலோடு அனுப்புகிறாரே என்று முதலாளிக்கு எரிச்சல். கண்ணாடி போட வெட்கப்படுகிறவர்களுக்கு ஒரு வசனம் வைத்திருக்கிறார்: "சார், கண்ணாடி போட்டா வயசு தெரியாது. போடாம தடவுனாதான் தெரியும்."

ஊருக்கெல்லாம் சுகர் செக் பண்ணச் சொல்கிறவருக்கும் சுகர் உண்டு. பிரஷரும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சு அடைத்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் பயந்து போயிருப்பார்கள். ஓஸ்வால்ட் நெஞ்சைத் தட்டிக் காட்டி, "உள்ள ஒரு ஸ்பிரிங் போட்டாங்க, வண்டி இப்ப ஜம்முனு ஓடுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மாத்திரை போடுவது தவறாது. ஆனால் மாத்திரையை அவர் ஒரு என்ட்ரி பாஸ் மாதிரி நினைத்திருந்தார். அது கையில் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். கிறிஸ்மஸ் பலகாரமான கல்கலாவும் ரோஸ் குக்கீயும் டப்பாவில் இருக்கிற வரைக்கும் அவர் கை டப்பாவில் இருக்கும். கேட்டால், "ஃபீஸ்ட் சுகர் கணக்குல சேராது" என்பார். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டுவதைத் தவிர வேறு உடற்பயிற்சி கிடையாது.

ஆனாலும் கண்ணாடிக் கடை ஓஸ்வால்ட் என்று கேட்டால் மர்பி டவுனில் யாரும் வழி காட்ட மாட்டார்கள். ஹவுசி ஓஸ்வால்ட் என்று கேட்க வேண்டும்.

கோயில் திருவிழா என்றால் பூசை, பிரியாணி, அதற்குப் பிறகு ஹாலில் ஹவுசி. ஆளுக்கு ஒரு டிக்கெட். மேடையில் நிற்பவர் துணிப்பைக்குள் கை விட்டு ஒரு நம்பரை எடுத்துச் சொல்வார். அந்த நம்பர் டிக்கெட்டில் இருந்தால் அடித்துக்கொள்ள வேண்டும். எல்லா நம்பரும் முதலில் அடிபட்டவருக்கு ஃபுல் ஹவுஸ், பெரிய பரிசு. ஆனால் அடுத்த நம்பர் வருவதற்குள் கத்திச் சொல்லிவிட வேண்டும். அடுத்த நம்பர் வந்துவிட்டால் அது போகி, செல்லாது; டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

ஓஸ்வால்ட் நம்பரை வெறும் நம்பராகச் சொல்ல மாட்டார். பன்னிரண்டு வந்தால் "அப்போஸ்தலர் எல்லாரும் வந்தாச்சு". முப்பத்துமூன்று "ஆண்டவர் வயசு". நாற்பது என்றால் "தவக்காலம், கறி கிடையாது". எண்பத்தெட்டு வரும்போது, இரண்டு எட்டும் குண்டாக இருப்பதால், சபையில் இருக்கிற இரண்டு பருமனான பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்; அவர்களும் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு உட்காருவார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்தும் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். மேடையில் அவர் பேச்சுதான் சட்டம். "சத்தம் என் காதுக்கு வரணும். வரலைன்னா க்ளெய்ம் இல்ல" என்று ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவார். அதை யாரும் எதிர்த்ததில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒரு காது என்று ஊரே ஒத்துக்கொண்டிருந்தது.

போன திருவிழாவில் அந்தக் காதுதான் அவரைக் கவிழ்த்தது.

ஹாலில் பின்வரிசையில், பெரிய பெடஸ்டல் ஃபேனுக்குப் பக்கத்தில் ஜோவிதா உட்கார்ந்திருந்தாள். கார்மென்ட்ஸில் வேலை செய்கிறவள். மெல்லிய குரல், பாட்டுக் குழுவில் கூடச் சேர்க்கவில்லை. ஒரு நம்பர் வந்ததும் அவள் டிக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு "ஹவுஸ்" என்று கத்தினாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் முதுகில் தட்டினார்கள். ஓஸ்வால்ட் பைக்குள் பார்த்துக்கொண்டே அடுத்த நம்பரைச் சொல்லிவிட்டார். அந்த நம்பருக்கு முன்வரிசையிலிருந்து ஒரு குரல் "ஹவுஸ்" என்றது. லீனா, பவுலினுடைய தங்கை, ஓஸ்வால்டின் மச்சினிச்சி.

ஜோவிதா மேடைக்கு வந்து தான் முன்பே கத்தியதைச் சொன்னாள். அவளோடு பின்வரிசையே எழுந்து வந்தது. ஓஸ்வால்ட் அசையவில்லை. தன் காதுக்குச் சத்தம் வரவில்லை, அதனால் அவள் சொல்லவில்லை என்றார். "போகி" என்று மைக்கில் சொல்லிவிட்டு, பரிசாக வைத்திருந்த மிக்சியைத் தன் கையாலேயே லீனாவிடம் எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலையே பேச்சு கிளம்பிவிட்டது. அவருக்கு நன்றாகக் கேட்டது, மச்சினிச்சிக்கு ஒரு நம்பர் பாக்கி என்று தெரிந்துதான் சட்டென்று அடுத்ததை எடுத்தார் என்றார்கள். கோயில் வாசலில் அவர் வந்தால் பேச்சை மாற்றினார்கள். லீனா மிக்சியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டு வந்தாள். பெட்டி எங்கே என்று பவுலின் கேட்டபோது, "அன்னிக்கே தேங்காச் சட்னி அரைச்சிட்டேனேக்கா" என்றாள்.

கொஞ்ச நாளில் கோயில் பங்குப் பேரவையின் செயலாளர் டேரில் வீட்டுக்கு வந்தார். மரியாதையாக உட்கார்ந்து, மரியாதையாக டீ குடித்து, டிசம்பரில் வரும் கிறிஸ்மஸ் ட்ரீ விழா அன்றைக்கு ஹவுசியைத் தானே நடத்திக்கொள்வதாகச் சொன்னார். அங்கிளுக்கு எதற்கு வீண் அலைச்சல் என்றார். அவர் போனதும் ஓஸ்வால்ட் கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். தன்னைத் திருடன் என்று சொல்கிறார்கள் என்றார். மைக் சரியில்லை, ஃபேன் லாரி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பெண் வாய்க்குள்ளேயே முணுமுணுத்திருக்கும் என்றார்.

பவுலின் அதிகம் பேசாதவள். புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கும் குழந்தைகளுக்கு வெள்ளை கவுன் தைத்துக் கொடுப்பாள். வாயில் குண்டூசி வைத்திருப்பதால் பேசுவதில்லை என்று லீனா கேலி செய்வாள். அன்று பவுலின் தையல் மெஷினை விட்டு எழுந்தாள். ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்த கணவனுக்குப் பின்னால் போய் நின்று, மீன் இருக்கிறது, பொரிக்கட்டுமா குழம்பு வைக்கட்டுமா என்று வழக்கமான குரலில் கேட்டாள். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ ஹாரன் அடித்ததற்கு அவர் முகம் சுளித்தார், அவள் கேட்டதற்கு ஒன்றுமில்லை. எத்தனை வருஷமாக இந்த மனுஷன் நம்மை மதிப்பதில்லை என்று மனசுக்குள் கோபித்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்னால் போய் நின்றாள்.

"நீங்க ஏமாத்தலைங்க. உங்களுக்குக் கேக்கல. இவ்ளோ நேரம் பின்னாடி நின்னு மீன் பொரிக்கட்டான்னு கேட்டுட்டு இருக்கேன்."

ஓஸ்வால்ட் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப திருடனா இருக்கறதா, செவிடனா இருக்கறதா? எது தேவலாம், நீயே சொல்லு."

"செவிடனுக்குக் காது மெஷின் உண்டு. திருடனுக்கு மெஷின் கிடையாது" என்றாள் பவுலின்.

சுகருக்கு அவர் வழக்கமாகப் பார்ப்பது டாக்டர் கோதண்டராமனிடம். அந்த முறை பவுலினும் கூடப் போனாள். கால் எரிச்சல் உண்டா, கண் டெஸ்ட் எடுத்தாச்சா என்று டாக்டர் வரிசையாகக் கேட்டு முடித்ததும், காதையும் கேளுங்கள் டாக்டர் என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். காதுக்கு உள்ளே நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது, ஒலியைப் பிடிப்பது அதுதான், அதற்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் நூல் போல இருக்கும், அது அடைத்தால் மாற்று வழி கிடையாது என்று விளக்கினார். "உங்க ஹார்ட்டுக்குப் போற குழாயையே அடைச்ச சுகரும் கொழுப்பும் பிரஷரும், நூல் மாதிரி இருக்கறத விட்டு வெக்குமா?" என்றார்.

பிறகு, சுகரால் மட்டும்தான் என்று தான் அடித்துச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். வயதும் உண்டு, காலம் பூரா கமர்ஷியல் தெரு ஹாரன் சத்தமும் உண்டு. ஆனால் சுகரும் இதய நோயும் இருப்பவர்களுக்குக் காது மங்குவது மற்றவர்களைவிட அதிகம் என்பது தெரிந்த விஷயம். போனது திரும்பாது, சுகரையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்தால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வழி உண்டு.

வழி நெடுக ஓஸ்வால்டுக்கு ஆற்றாமை. ஆட்டோவில் பவுலினிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "கண்ணுக்குப் போகும், கிட்னிக்குப் போகும், காலுக்குப் போகும்னு நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். காதுக்குப் போகும்னு எவனும் சொல்லலையே."

காது டாக்டர் மெழுகு, சீழ் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, கேட்கும் திறனைச் சோதிக்க அனுப்பினார். சோதித்தவள் அதிதி என்ற இளம்பெண். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், அவ்வளவுதான். ஓஸ்வால்ட் ஒன்றுவிடாமல் அமுக்கினார். வெளியே இருந்த பவுலினுக்கு ஆச்சரியம். அதிதிக்குச் சந்தேகம். கண்ணாடி வழியாக அவர் பார்த்துக்கொண்டிருக்க, சத்தம் எதுவும் அனுப்பாமலே மெஷினில் கையை மட்டும் அசைத்தாள். அவர் அதற்கும் அமுக்கினார்.

அதிதி உள்ளே போய், அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். "அங்கிள், என் கையைப் பாத்து அமுக்காதீங்க. இது எக்ஸாம் இல்ல, ஃபெயில் பண்ண மாட்டேன்" என்றாள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்த பிறகு பட்டன் நெடுநேரம் அமுங்கவே இல்லை. இரண்டு காதிலும் குறைந்திருந்தது. தடித்த ஓசைகள் ஓரளவு வருகின்றன, மெல்லிய, உச்சத்தில் இருக்கிற ஓசைகள்தான் போய்விட்டன என்று அதிதி சொன்னாள். ஆண்கள் பேசினால் பரவாயில்லை. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும், அதிலும் பக்கத்தில் ஃபேன் ஓடினால், போச்சு. பவுலின் தரையைப் பார்த்துக்கொண்டாள். பின்வரிசையில் ஒருத்தி டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை இருவரும்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

காது மெஷின் வந்தது. முதல் வாரம் வீடே அவருக்கு இரைச்சல். ஃபிரிட்ஜ் உறுமுகிறது என்றார். பவுலின் செருப்பு சரசரக்கிறது, அப்பளம் வாய்க்குள் வெடிக்கிறது, உலகத்தில் இவ்வளவு பேஜார் சத்தமா என்றார். மெல்லப் பழகிக்கொண்டார். ஆனால் வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்று காதுக்கு மேல் முடி வளர்த்தார். ஐம்பத்தெட்டு வயதில் காதை மூடிய கிராப்பைப் பார்த்து, அங்கிள் பேண்டில் கிடார் வாசிக்கப் போகிறாரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார்.

நவம்பர் கடைசியில் ஒரு புது மிக்சியை வாங்கிக்கொண்டு இருவரும் ஜோவிதா வீட்டுக்குப் போனார்கள். ஜோவிதா நாற்காலி போட்டாள், ஜூஸ் கலந்தாள், பெட்டியைத் தொடவில்லை. வேலை செய்கிற இடத்தில் இந்தக் கோயில்காரர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், பொய் சொல்லிப் பரிசு கேட்டவள் என்று தையல் லைனில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள் என்றாள். குரல் மெல்லியதுதான். ஓஸ்வால்டுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"எனக்கு மிக்சி இருக்கு அங்கிள். நான் கத்தினேன்னு மைக்ல சொல்லுங்க. அது போதும்."

மிக்சி என்றால் பெட்டியோடு முடிந்துவிடும். மைக்கில் சொல்வது என்றால் மர்பி டவுன் முழுக்க, ரிச்சர்ட்ஸ் டவுன் வரைக்கும், ஹவுசி ஓஸ்வால்டுக்குக் காது கேட்காது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு யார் மேடைக்குக் கூப்பிடுவார்கள்? திரும்பி வரும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் பிடிவாதக்காரி என்றார். வீட்டுக்கு வந்து, அவள் கேட்டதில் தப்பில்லை என்றார். அடுத்து வந்த சனிக்கிழமை சலூனிலிருந்து திரும்பி வந்தவருக்குக் காதைச் சுற்றி ஒட்ட வெட்டியிருந்தது.

கிறிஸ்மஸ் ட்ரீ அன்றைக்கு ஹால் நிறைந்திருந்தது. டேரில் பையோடு மேடையில் நின்றார். ஓஸ்வால்ட் மேலே ஏறி, ஒரு நிமிஷம் என்று மைக்கை வாங்கிக்கொண்டார். நம்பர் சொல்கிற அதே குரல்தான்.

"ஃபீஸ்ட் அன்னிக்கு ஃபுல் ஹவுஸ் ஜோவிதாவோடது. அவ டைமுக்கு கத்துனா. எனக்குக் கேக்கல. எனக்கு சுகர், ஹார்ட்டு, இப்ப காதும் சேர்ந்துக்கிச்சு." தலையைத் திருப்பி, காதுக்குப் பின்னால் இருந்ததைக் காட்டினார். "எனக்குக் கேக்காதத அவ சொல்லலைன்னு சொல்லிட்டேன். அது போகி. என்னோட போகி."

நடுவிலிருந்து லீனா எழுந்து, "அதுக்காக மிக்சியத் திருப்பிக் கேக்காதீங்க மாமா, பிளேடு போயிடுச்சு" என்றாள். சிரிப்பு கிளம்பியது. பின்வரிசையில் ஜோவிதா சிரிக்கவில்லை. இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த, கூட வேலை செய்கிற அந்த இரண்டு பேரை மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, நேராக உட்கார்ந்துகொண்டாள்.

ஓஸ்வால்ட் மைக்கை நீட்டினார். டேரில் வாங்கிக்கொள்ளவில்லை, பையை அவர் கையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். அன்று ஓஸ்வால்ட் புதுச் சட்டம் போட்டார். க்ளெய்ம் செய்பவர் எழுந்து நிற்க வேண்டும், டிக்கெட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும், கத்தினாலும் சரி கத்தாவிட்டாலும் சரி. வாய் பேச முடியாத ஜெயராஜ் முதல் தடவையாக ஒரு டிக்கெட் வாங்கினார்.

இன்றைய நிலவரம் இது. ஓஸ்வால்ட் காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போகிறார்; முனகிக்கொண்டே போகிறார், ஆனால் போகிறார். மூன்று மாத சுகர் டெஸ்டில் எண் இறங்கியிருக்கிறது, டாக்டருக்குப் போதும் என்கிற அளவுக்கு இன்னும் இல்லை. காது மறு சோதனையில் போன தடவை இருந்த இடத்திலேயே நிற்கிறது. கடைக்கு வருகிற வயதானவர்களிடம் சுகரோடு காதையும் கேட்கிறார். முதலாளிக்கு அதுவும் பிடிக்கவில்லை. வாங்கிய மிக்சி பவுலின் சமையலறையில் இருக்கிறது. ஹவுசி முன்னைப்போல வேகமாகப் போவதில்லை என்று இளைஞர்கள் குறை சொல்கிறார்கள், ஆனாலும் கூப்பிடுகிறார்கள்.

ஜோவிதா இதுவரை ஒன்றும் ஜெயிக்கவில்லை. பின்வரிசையில் ஃபேனுக்குப் பக்கத்திலேயே உட்காருகிறாள். ஒரே ஒரு நம்பர் பாக்கி இருக்கும்போதே எழுந்து நின்றுவிடுகிறாள். ஓஸ்வால்ட் அவளைப் பார்த்துக்கொண்டே பைக்குள் கை விடுகிறார்.